உறைபனியில் சைக்கிள்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் மகனை உடனழைத்துக்கொண்டு நம் இல்லத்துக்கு வந்தார். பையனுக்கு ஸ்ரீநகருக்கு மாற்றலாகியிருக்கிறது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். மகன் குளிரில் என்ன பாடுபடுவானோ என்பது தாயாரின் கவலை. மகனுக்கோ வேறு கவலை. நாள்தோறும் விடியலில் இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறவன் அவன். அந்தப் பழக்கம் விட்டுப்போகுமோ என்று அஞ்சுகிறான். “மாமா, நீங்கள் அந்தக் காலத்தில் ஸ்ரீநகரில் சைக்கிளில்தான் ஆபீசுக்குப் போனீர்களாமே? உறைந்த சாலையில் ஓட்ட முடியுமா?” என்று கேட்டான்.

அப்பொழுது நம் இல்லத்தாள் காப்பி கொண்டு வந்தாள். தம்ளரை இடக்கையால் ஏந்தி, வலக்கை விரல்களை அதன் அடியில் பெயருக்குத் தொட்டுக்கொண்டு வைத்தாள். பையன் அதைக் கவனிக்கவில்லை. கவனிப்பதற்கு அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

“ஓட்டலாம்” என்றோம் நாம்.

“இறங்கத் தெரிந்தால் ஓட்டலாம்” என்றாள் அவள்.

அன்று அவனுக்குச் சொல்லியவற்றையே இங்கு எழுதுகிறோம். நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் காஷ்மீரம், லடாக், சிம்லா என்று பனி விழும் ஊர்களுக்கெல்லாம் இப்பொழுது வேலைக்குப் போகிறார்கள். அவர்களுள் யாரேனும் ஒருவருக்கு இது பயன்படக்கூடும். பயன்படாவிடினும், ஐம்பது ஆண்டுகளாக நாம் வெளியே சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல் நமக்கு உண்டு.

1973ஆம் ஆண்டு வைகாசியில் நாம் ஸ்ரீநகர் போய்ச் சேர்ந்தோம். தந்தி அலுவலகத்தில் பணி. இரயில் அப்பொழுது ஜம்மு வரையில்தான். அதுவும் அதற்கு முந்திய ஆண்டில்தான் அங்கு எட்டியிருந்தது. ஜம்முவிலிருந்து மலைப்பாதையில் பேருந்து. பானிஹால் கணவாயின் அடியில் 1956இல் திறந்த ஜவகர் சுரங்கத்துள் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டபொழுது, கீழே பச்சைப் பசேலென்று வயல் விரிந்து கிடந்தது. நாற்று நடும் காலம். “தாமிரபரணிக் கரை மாதிரி இருக்கே” என்றாள் இல்லத்தாள். ஒரு வயதுக் குழந்தை அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்தான். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் செனாப் பாலத்தின் வழியே ஸ்ரீநகருக்கே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நம் பையன் இரயிலிலேயே போய் இறங்கிவிடுவான்.

அரிசி உண்ணும் நாடு என்பதால் எங்களுக்கு அவ்வூர் விரைவில் பிடித்துவிட்டது. ராஜ்பாக் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். ஜீலம் ஆற்றைக் கடந்தால் அலுவலகம். இடையில் ஜீரோ பாலம் என்னும் மரப்பாலம். தேவதாரு மரத்தால் ஆனது. அதன் மீது சைக்கிள் செல்லும்பொழுது பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று ஒலிக்கும். கோடைக் காலையில் அவ்வொலியைக் கேட்டுக்கொண்டே போவதில் நமக்கு ஒரு தனி இன்பம் இருந்தது. இன்று அப்பாலத்தைப் புதுப்பித்து, நடந்து செல்வோருக்கென்று விட்டிருக்கிறார்கள். நம்மைக் கேட்டால் அன்றைக்கே அப்படிச் செய்திருக்கலாம்.

நம் மொழியில் ‘பனி’ என்ற ஒரே சொல்லில் எத்தனையோ அடங்கிவிடுகின்றன. மார்கழி விடியலில் வைக்கோற்போர் மீது படிவதும் பனி; தில்லியில் எதிரில் வரும் பேருந்தை மறைப்பதும் பனி; இமயத்தின் தலையில் இருப்பதும் பனி. காஷ்மீரத்தில் ஒரு குளிர்காலம் இருந்தவனுக்கு இந்த ஒரு சொல் போதாது. பஞ்சு போல் உதிர்ந்து கிடக்கும் புதுப்பனி வேறு. வண்டிச் சக்கரங்கள் மிதித்து மிதித்துப் பளிங்காக்கிய பனி வேறு. பகலில் உருகி இரவில் மீண்டும் இறுகிய பனி வேறு. எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்கே தெரியாத உறைபனிப் படலம். சாலை ஈரமாக இருக்கிறது என்றுதான் கண் சொல்லும். முதல் மூன்றையும் நாம் ஒரு திங்களில் கற்றுக்கொண்டோம். நான்காவதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை பெரிது.

டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்களை அவ்வூரார் ‘சில்லை கலான்’ என்பார்கள், பெருங்குளிர். அதன்பின் இருபது நாட்கள் ‘சில்லை குர்த்’, சிறு குளிர். அதற்கும் பின் பத்து நாட்கள் ‘சில்லை பச்சா’. குளிரின் குஞ்சு என்று சொல்லலாம். 2024ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் விடியலில் ஸ்ரீநகரில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 8.5 பாகை வரை இறங்கியது என்றும், ஐம்பது ஆண்டுகளாக டிசம்பர் மாதத்தில் அத்தகைய குளிர் இல்லை என்றும் செய்தித்தாளில் படித்தோம். அதற்கு முன் 1974 டிசம்பரில் 10.3 பாகை கீழே போயிற்று. அந்தக் குளிரில் நாங்கள் அங்கே இருந்தோம். குழாய்கள் உறைந்து, கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டிகள் ஆளுயரத்துக்குத் தொங்கின. குடத்துத் தண்ணீரைக் கரண்டியால் உடைத்துத்தான் அடுப்பில் ஏற்றினோம்.

இந்தக் குளிரிலும் நாம் சைக்கிளை விடவில்லை. தந்தி அலுவலகத்தில் பணிமுறை காலை ஆறு மணிக்கு மாறும். அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. டாங்கா வைத்துக்கொள்ளச் சம்பளம் இடந்தராது. ஆனால் உண்மை அதுமட்டும் அன்று. உடன் பணியாற்றிய தமிழர்கள் முதற்பனி விழுந்தவுடன் தத்தம் சைக்கிளைச் சாக்கில் சுற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். ‘பனியிலும் ஓட்டுகிறான்’ என்று அவர்கள் வியந்து பேசியது நம் காதில் விழுந்தது. அந்தப் பேச்சு நமக்குத் தேனாக இனித்தது. இருபத்தேழு வயது.

எங்கள் தெருவுக்குப் பால் கொண்டு வருபவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். ‘சாச்சா’ என்று அழைப்போம். எந்தப் பனியிலும் அவருடைய சைக்கிள் நிற்பதில்லை. காரியரின் இருபுறமும் இரண்டு பெரிய பால் கேன்கள் தொங்கும். ஒரு துளி சிந்தி நாம் கண்டதில்லை. ஒருநாள் நம் வண்டியைப் பார்த்துவிட்டு, “பாபுஜி, பாலத்தில் இறங்கி நடங்கள்” என்றார். நாம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினோம். பால்காரர் சொல்லித் தந்தி அலுவலர் கற்பதா என்று எண்ணினோமோ என்னவோ, இப்பொழுது நினைக்க நாணமாக இருக்கிறது.

1974ஆம் ஆண்டுப் பொங்கல் வந்தது. தை முதல் நாள் சில்லை கலானின் நடுவில் வருவது. நகரில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தோம்; தால்கேட் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடிப் பொங்குவதாக ஏற்பாடு. கரும்பு இல்லை, மஞ்சட்கொத்துக்குப் பதில் மளிகைக் கடை விரலிமஞ்சள், ஒருவர் பஞ்சாபிலிருந்து வெல்லம் வரவழைத்திருந்தார். அரிசி மட்டும் அவ்வூர்ப் புத்தரிசி. பானையோ எட்டுக் குடும்பத்துக்கும் ஒன்றே ஒன்று, நம் இல்லத்தாள் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டு வந்த வெண்கலப்பானை. ஆகவே நாங்கள் போகாமல் பொங்கல் இல்லை. சங்கராச்சாரியார் குன்றின் மேல் கதிரவன் தலைகாட்டும் நேரத்துக்குப் பால் பொங்க வேண்டும் என்று நண்பர் சொல்லியிருந்தார். முந்திய நாள் மாலை பனி உருகிச் சொட்டியது. இரவெல்லாம் வானம் தெளிவாக இருந்தது. மேகம் இல்லாத இரவு தரையின் சூட்டையெல்லாம் வானுக்கு விட்டுவிடும் என்பதும், அத்தகைய இரவுக்குப் பின் வரும் விடியலே சைக்கிளுக்குப் பகை என்பதும் பின்னர் அறிந்தவை.

பானையைக் கயிற்றால் கட்டிக் கைப்பிடியின் இடப்புறம் மாட்டினோம். காரியரில் இல்லத்தாள் ஒருபக்கமாக உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். நேரம் ஆகிவிட்டது என்ற பரபரப்பில் வேகமாக மிதித்தோம். பாலத்தின் வாயிலுக்கு வந்தபொழுது, “ஏங்க, இறங்கிக்கலாமே, குழந்தை இருக்கு” என்றாள். “பனியே இல்லை பார், பலகை ஈரமாகத்தான் இருக்கிறது” என்றோம்.

பாலத்தின் நடுவில் எதிரே ஒருவர் வந்தார். காஷ்மீரத்தார் பெரன் என்னும் நீண்ட அங்கியினுள் காங்ரியை வைத்துக்கொண்டு நடப்பது வழக்கம். காங்ரி என்பது பிரம்பு பின்னிய சிறு மண் கணப்புச்சட்டி. கைகள் இரண்டும் அங்கிக்குள் இருக்க, தலையைக் குனிந்து நடந்து வந்தவர் எங்களைக் காணவில்லை. நாம் பிரேக்கைப் பிடித்தோம். இடக்கை பிரேக் பின் சக்கரத்துக்கு. அதன் மேல் பானையின் வயிறு அழுந்திக்கொண்டிருந்தது. எனவே வலக்கை பிரேக்கை இறுக்கினோம். அது முன் சக்கரத்துக்கு. உறைந்த ரிம்மில் ரப்பர் முதலில் பற்றவில்லை. பிறகு சட்டென்று பற்றியது. முன் சக்கரம் பக்கவாட்டில் ஓடியது. பின் சக்கரம் சறுக்கினால் கால் ஊன்றித் தப்பலாம். முன் சக்கரம் சறுக்கினால் தப்ப நேரமே இல்லை. பானை பலகையில் மோதிய ஓசைதான் முதலில் கேட்டது.

குழந்தையின் அழுகை கேட்டது. திரும்பிப் பார்த்தோம். அவள் கீழே கிடந்தாள்; குழந்தை அவள் மார்பின் மேல் இருந்தான். விழும்பொழுதே உடலை முறுக்கித் தான் அடியில் போய், இடக்கையால் குழந்தையை அணைத்து, வலக்கையைத் தரையில் ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு இருக்கவேண்டிய நிலையில் இல்லை. அவள் அழவில்லை. “பானைக்கு என்ன ஆச்சு பாருங்க” என்றாள். பாலத்தின் கிராதிக்கும் நாங்கள் கிடந்த இடத்துக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம். கீழே ஜீலம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு முழத்தைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றளவும் பேசியதில்லை.

எதிரே வந்தவர் தம் காங்ரியை எடுத்து அவள் மடியில் வைத்தார். தம் பெரனைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றினார். அந்தக் குளிரில் உட்சட்டையோடு ஓடிப்போய் டாங்கா ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மருத்துவமனை வாயில் வரை சைக்கிளை அவரே தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். கட்டுப் போட்டு நாங்கள் வெளியே வந்தபொழுது சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது, அவரைக் காணவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பெரனையும் காங்ரியையும் திருப்பிக் கொடுக்க, பாலத்தருகில் பல நாள் காத்திருந்து பார்த்தோம், வரவில்லை. பெரன் பின்னாளில் நைந்துபோயிற்று. காங்ரி இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

எட்டுக் குடும்பங்களும் நண்பகல் வரை காத்திருந்தன. நண்பர் மருத்துவமனைக்கே வந்து பானையை வாங்கிச் சென்று பொங்கல் பொங்கினார். விளிம்பில் நகக்கண் அளவு விள்ளல், வேறு பழுதில்லை.

கட்டு ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். உறைந்த குழாயும் ஒரு வயதைத் தாண்டிய குழந்தையும் உள்ள வீட்டில் ஆறு வாரம் யார் இருப்பது? நமக்கோ இரவுப் பணி. கட்டுக் கையோடு அவள் வாளி தூக்கினாள். நாம் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அன்று முதல் வலக்கையைத் திருப்பி உள்ளங்கை மேலே தெரிய வைக்க அவளால் இயலாது. கோலத்தை இடக்கையால் பழகிக்கொண்டாள். புள்ளிகள் முதலில் சிதறின. சில ஆண்டுகளில் நேராயின.

மூன்று வாரம் நாம் சைக்கிளைத் தொடவில்லை. ஒரு காலை சாச்சா பால் ஊற்றிவிட்டு, அவள் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “வண்டியைக் காட்டுங்கள்” என்றார். அன்று தொடங்கியதுதான் நாம் பெற்ற பாடம்.

முதலில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “கல்” என்றார். காற்றைச் சிறிது இறக்கினார். டயர் தரையில் சற்றுப் பரந்து படிந்தால் பிடி கூடும். அதற்காக ரிம் தரையில் இடிக்கும் அளவுக்கு இறக்கிவிடலாகாது. இருக்கையை இரண்டு விரற்கடை தாழ்த்தி, உட்கார்ந்தபடியே இரு காலும் தரையில் முழுமையாக ஊன்றும்படி செய்தார். கைப்பிடியில் எதையும் மாட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. மாட்டியிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார், அவ்வளவுதான். செயினில் அப்பியிருந்த கட்டி மசகைப் பார்த்து முகஞ்சுளித்தார். குளிரில் அது இறுகிவிடும். பிரீவீலுக்குள் நீர் புகுந்து உறைந்தால் பெடல் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. மண்ணெண்ணெயால் கழுவித் தையற்பொறி எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயை விடச் சொன்னார்.

பின்னர் நம்மை வீட்டுக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். அங்கே தேங்கிய நீர் பாளமாய் உறைந்திருந்தது. அதன் மேல் மெல்ல ஓட்டி விழச் சொன்னார். ஆம், விழத்தான் சொன்னார். எழுந்து மறுபடியும் விழச் சொன்னார். பத்துமுறை விழுந்த பின், பனிக்கட்டியின் மேல் இருக்கும்பொழுது எதையும் புதிதாகச் செய்யக்கூடாது என்பது உடம்புக்கே புரிந்தது. பிரேக் பிடிப்பதானால் பனிக்கட்டி வருமுன் பிடித்து முடித்துவிட வேண்டும். திரும்புவதானால் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அதன் மேல் ஏறிய பிறகு, கைப்பிடியை நேராக வைத்து, உடம்பைச் சாய்க்காமல், மிதியையும் ஏற்றாமல் இறக்காமல், வந்த வேகத்திலேயே கடக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் பிடிக்க நேர்ந்தால் பின் பிரேக்கை மட்டும், அதுவும் தொட்டுத் தொட்டு.

சாலையைப் படிக்கவும் அவரே கற்பித்தார். அவர் பின்னால் சில விடியல்கள் நாம் வண்டியில் சென்றோம். புதுப்பனி மேல் தயங்காமல் போவார். பேருந்துச் சக்கரம் தேய்த்த பளபளப்பான தடத்தை விட்டு விலகுவார். அத்தடத்தின் விளிம்பில் சக்கரம் சிக்கினால் வண்டி புரளும் என்பதால், அதைக் கடக்கும்பொழுது சாய்வாக அன்றி நேர்க்குறுக்காகக் கடப்பார். நெட்டிலிங்கம் போல் உயர்ந்த பாப்ளர் மரங்களின் நிழல் விழும் இடங்களை நண்பகலிலும் நம்பமாட்டார். மாலையில், பகலெல்லாம் உருகிய நீர் மீண்டும் இறுகத் தொடங்கும் நேரத்தை அவர் விடியலைவிட அதிகம் அஞ்சினார். பாலம் வந்ததும் இறங்கி நடந்தார். நாற்பது ஆண்டுகளாக அப்படியே இறங்கி நடக்கிறாராம். தரையின் மேல் உள்ள சாலைக்கு அடியில் மண்ணின் சூடு உண்டு. பாலத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. ஆகவே சாலை உறையுமுன் பாலம் உறைந்துவிடும்.

அவருடைய காலணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘புல்ஹோர்’ என்று நெல் வைக்கோலைத் திரித்துப் பின்னிய செருப்பு. பனியில் அது வழுக்குவதில்லை. அலுவலகத்துப் பூட்சின் மேல் நாமும் வைக்கோற்புரியைச் சுற்றிக்கொண்டு போனோம், அலுவலகத்தில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நமக்கு இப்பொழுது உறைக்கவில்லை. நண்பர் ஒருவர் நம்மையும் மிஞ்ச எண்ணிப் பின் டயரைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிறு பிரேக்கில் சிக்கி, வண்டி நடுத்தெருவில் நட்டுவைத்தாற்போல் நின்றுவிட்டது. அவர் மட்டும் முன்னால் சென்றார். நல்லவேளையாக விழுந்த இடம் பனிக்குவியல். காங்ரியைப் பெரனுக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுபவர்களையும் நாம் பார்த்ததுண்டு. அதை எவரும் செய்யலாகாது. விழுந்தால் கனல் முழுவதும் ஆடைக்குள் கொட்டும். கைக்குச் சூடு வேண்டுமெனில் நல்ல கையுறையை நாட வேண்டும். விறைத்த விரல் பிரேக்கை உணராது.

இவற்றுக்கெல்லாம் காரணம் நாம் பின்னாளில் நூல்களில் படித்தோம். பனிக்கட்டி உறைநிலைக்குக் கீழே இருக்கும்பொழுதும் அதன் மேற்பரப்பில் நீர்ப்படலம் போன்றதொன்று இருக்கிறது என்று மைக்கேல் பாரடே 1850ஆம் ஆண்டிலேயே கருதினார். பிற்கால ஆராய்ச்சி அதை உறுதி செய்தது. உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பருக்குக் கிடைக்கும் பிடியில் ஏழில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் பனிக்கட்டியில் கிடைக்கும். வெயில் பட்டுக் கசியும் பனிக்கட்டி கடுங்குளிரில் இறுகியதைவிடக் கெட்டது. ஆகவே ‘இன்று குளிர் குறைவு, ஓட்டலாம்’ என்று கிளம்புகிறவன் தான் நினைத்ததற்கு நேர்மாறான சாலையைக் காண்பான்.

நாம் இவ்வளவு சொன்ன பின், பையன் தன் கைப்பேசியில் பின்லாந்து நாட்டு ஓவுலு நகரத்தைக் காட்டினான். ஆண்டில் ஏறத்தாழ ஐந்து மாதம் பனி கிடக்கும் ஊர். பள்ளிச் சிறுவர்கள் வரிசை வரிசையாகச் சைக்கிளில் செல்கிறார்கள். குளிர்காலச் சைக்கிளோட்டத்துக்கென்று உலக மாநாடே 2013இல் அங்கே கூடியதாம். அவர்கள் பாதைப் பனியை அழுத்திச் சமமாக்கி, மேலே பொடிக்கல் தூவுகிறார்கள். டயர்களில் டங்ஸ்டன் கார்பைடு என்னும் கடும் உலோகக் கலவையால் ஆன முளைகள் பதித்திருக்கின்றன. அவை பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும். அத்தகைய டயர் ஒரு இணை வரவழைக்கப் போவதாகச் சொன்னான். மிக நன்று என்றோம். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை முன் சக்கரத்துக்குப் போடு என்றும் சொன்னோம். இக்காலத்துச் சைக்கிள்களில் எந்தக் கை எந்தச் சக்கரம் என்பது மாறியும் இருக்கக்கூடும். முதல் வேலையாக அதைப் பார்த்துக்கொள் என்றோம். தலைக்கவசம், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் நல்ல வெளிச்சம் எல்லாம் அவனிடம் முன்பே இருக்கின்றன. நமக்கு இருந்தது ஒரு கம்பளித் தொப்பி.

1976 வரை மூன்று குளிர்காலம் அங்கே இருந்தோம். சாச்சாவிடம் கற்ற பின் ஒருமுறைதான் விழுந்தோம். தனியாக, மெதுவாக, புதுப்பனியின் மேல். ஆனால் காரியரில் யாரையும் ஏற்றவில்லை. அடுத்த இரண்டு பொங்கலுக்கும் மூவரும் நடந்தே போனோம். மாற்றலாகித் தில்லிக்குக் கிளம்பும்பொழுது சைக்கிளைச் சாச்சாவின் பேரனிடம் கொடுத்துவிட்டோம். நாம் பணியாற்றிய தந்திச் சேவையே 2013 ஜூலையில் முடிந்துபோயிற்று.

தந்தையும் மகனும் கிளம்ப எழுந்தார்கள். இல்லத்தாள், “கொஞ்சம் இருப்பா” என்று உள்ளே போனாள். பழைய துணியில் சுற்றிய ஒன்றை இடக்கையில் அணைத்துக்கொண்டு வந்து அவன் முன் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தான்; வெண்கலப்பானை. ஐம்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பொங்கல் அதில்தான் பொங்கியது.

“அங்கே பானை கிடைக்காது. தைக்கு உனக்கு வேணும்” என்றாள்.

பையன் தயங்கினான். விளிம்பில் இருந்த விள்ளலை விரலால் தடவிப் பார்த்தான். “இது எப்படி மாமி?” என்றான்.

அவள் நம்மைப் பார்த்தாள். அப்பொழுதுதான் பாலத்தின் கதையை அவனிடம் சொன்னோம். அதுவரை டயரையும் எண்ணெயையும் பற்றித்தான் சொல்லியிருந்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. அவளுடைய வலக்கையை ஒருமுறை பார்த்தான். பானையை மறுபடியும் துணியில் சுற்றி இரு கைகளாலும் எடுத்துக்கொண்டான்.

வாயில் வரை வந்த இல்லத்தாள் சொன்னாள்: “பொங்கலன்னைக்கு எடுத்துட்டுப் போறப்போ ஆட்டோ வெச்சுக்கோ.”